குடல்வால் புற்றுநோய்: வழக்கத்துக்கு மாறான வெளிப்பாடுகள்

பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும் குடல்வாலில் புற்றுநோய் தோன்றுவது அரிது. அழற்சிக்காக வெட்டி எடுக்கப்படும் குடல்வால்களில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றில் கட்டி இருக்கிறது. பெரும்பாலும் அது சாதாரண அப்பெண்டிசைடிஸ் வலியாகவே வந்து, அறுவைக்குப் பிந்தைய பயாப்சி அறிக்கையில்தான் தெரியவரும். அமெரிக்கத் தொலைக்காட்சி விளையாட்டுத் தொகுப்பாளர் ஸ்டூவர்ட் ஸ்காட்டுக்கு 2007இல் அப்படித்தான் தெரிந்தது. அகற்றிய குடல்வால் எவ்வளவு சாதாரணமாகத் தோன்றினாலும் ஆய்வகத்துக்கு அனுப்பியே ஆகவேண்டும்.

சிலருக்கு அந்த வலிகூட இருப்பதில்லை. சளி சுரக்கும் வகைக் கட்டி வெடித்தால், கட்டியின் செல்களோடு சளி வயிற்றறைக்குள் கசிந்து மெல்லப் பரவும். தொப்பை போடுகிறது என்றே நோயாளி நினைத்துக்கொள்வார். சூடோமிக்ஸோமா பெரிட்டோனி எனப்படும் இந்நிலைக்கு 1884இல் ரிச்சர்ட் வெர்த் பெயரிட்டபோது அதைச் சினைப்பைக் கட்டியோடு தொடர்புபடுத்தினார். பெரும்பாலும் அது குடல்வாலிலிருந்தே கிளம்புகிறது என்பது பின்னரே உறுதிப்பட்டது. 1993இல் நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் உயிரைப் பறித்தது குடல்வாலில் தொடங்கிய புற்றுநோயே.

ஆண்களிடம் இந்தச் சளிப் பரவல் அரையில் புடைக்கும் குடலிறக்கமாக வருவதுண்டு. சரிசெய்யத் திறந்த பையில் குடலோ கொழுப்போ இல்லாமல் பளபளக்கும் ஜெல்லி வழியும்போதுதான் மருத்துவருக்குச் சந்தேகம் எழும். பெண்களிடம் சினைப்பைக் கட்டியாகத் தோன்றுவதால் முதலில் மகளிர்நல மருத்துவரிடமே போகிறார்கள். அங்கே குடல்வாலையும் பார்க்கத் தவறினால் மூலம் உள்ளேயே தங்கிவிடும்.

இன்னும் அரிதாக, கட்டியுள்ள குடல்வால் பெருங்குடலுக்குள் செருகிக்கொண்டு விட்டுவிட்டு வலிக்கும். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயை நெருக்கி சிறுநீரகத்தை வீங்கவைக்கும். சிறுநீர்ப்பையைத் துளைத்துச் சிறுநீரில் ரத்தமோ சளியோ வரச்செய்யும். நரம்புநாளமில்லாச் சுரப்பிக் கட்டிகள் பெரும்பாலும் குடல்வாலின் நுனியில் 1 செ.மீ.க்கும் சிறியதாக ஓசையின்றிக் கிடக்கும். முகம் சிவத்தல், வயிற்றுப்போக்கு ஆகியவை பொதுவாக அவை கல்லீரலுக்குப் பரவிய பிறகே வரும்.

குடல்வாலைச் சுற்றிச் சீழ்க்கட்டி உண்டானவர்கள் தனிக்கவனத்துக்குரியவர்கள். ஆன்டிபயாட்டிக்கில் குணமானபின் குடல்வாலை அகற்றுவதா, விட்டுவைப்பதா என்று ஆராய்ந்த பின்லாந்து ஆய்வில் சுமார் 20 சதவீதத்தினரிடம் கட்டி காணப்பட்டது. கட்டி இருந்த அனைவரும் 40 வயதைக் கடந்தவர்கள். விட்டுவைப்பது ஆபத்து என்று கண்டு ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.