ஜிடிஏ ஆன்லைனும் ஆறு நிமிட லோடிங்கும்

2015 ஏப்ரலில் ஜிடிஏ 5 கணினிக்கு வந்தது. கூடவே ஒரு காத்திருப்பும் வந்தது. ஆன்லைன் பகுதிக்குள் போக வேண்டுமென்றால் பல கணினிகளில் ஐந்து, ஆறு நிமிடம் ஆகும். எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரையின் மூலையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே விளையாட்டின் கதைப் பகுதி ஒரு நிமிடச் சொச்சத்தில் திறந்துவிடும். அதே நகரம், அதே கார்கள், அதே கட்டடங்கள்.

ஏன் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்கள் கேம் ஆடும் யாருக்கும் மனப்பாடம். டிரைவரை அப்டேட் பண்ணு. ஆன்டிவைரஸை அணைத்துப் பார். அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணு. எஸ்எஸ்டி வாங்கு. எதுவும் பலிக்கவில்லையென்றால், 'உன் சிஸ்டம் பழசு ப்ரோ'. இவற்றில் எதுவும் முட்டாள்தனமான ஆலோசனை இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே அனுமானம் இருக்கிறது: கோளாறு ஆடுபவரின் வீட்டில்தான்.

இந்த அனுமானம் பழையது. ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. டாஸ் நாட்களில் கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும், சாதாரண நிரல்கள் நேரடியாகப் புழங்க முடிந்தது முதல் 640 கிலோபைட்டில்தான். மவுஸ் டிரைவர், சிடி டிரைவர், சவுண்ட் கார்டு எல்லாம் அதில் பங்கு கேட்கும். மிச்சம் போதவில்லையென்றால் கேம் தொடங்கவே தொடங்காது. ஆகவே பள்ளிப் பையன்கள்கூட கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற இரண்டு கோப்புகளைத் திருத்தக் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாக பூட் ஃபிளாப்பி வைத்திருந்தவர்கள் உண்டு. 1992இல் வந்த அல்டிமா 7 தனக்கென்று ஒரு நினைவக மேலாளரைக் கொண்டுவந்தது. டாஸின் இஎம்எம்386 ஓடிக்கொண்டிருந்தால் அதற்கு ஒத்துவராது. ஒன்றை வெளியே அனுப்பினால்தான் இன்னொன்று உள்ளே வரும், கிட்டத்தட்ட மாமியார் மருமகள் கதை.

விண்டோஸ் வந்து அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆனால் பழக்கம் போகவில்லை. கேம் தகராறு செய்தால் முதலில் நம் கணினியைச் சந்தேகிப்பது என்பது ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு அப்படியே கைமாறியது.

2021 பிப்ரவரி கடைசியில் டோஸ்ட் என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் அந்த வரிசையிலிருந்து விலகினார். அவருடைய கணினியும் பழசுதான்: ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350 ப்ராசசர், மலிவான எஸ்எஸ்டி. கதைப் பகுதிக்கு 1 நிமிடம் 10 விநாடி, ஆன்லைனுக்கு 6 நிமிடம். அவர் முதலில் செய்தது எல்லோராலும் முடிந்த காரியம்: டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தார். டிஸ்க் சும்மா இருந்தது. நெட்வொர்க் சும்மா இருந்தது. கிராஃபிக்ஸ் கார்டும் சும்மா. ப்ராசசரின் ஒரே ஒரு கோர் மட்டும் நான்கு நிமிடத்துக்கு மேல் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்தது.

அதாவது கேம் எதையும் 'லோட்' செய்யவே இல்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தது.

மூல நிரல் அவர் கையில் இல்லை. ப்ரொஃபைலரை வைத்து, நேரம் எந்த இடத்தில் செலவாகிறது என்று அளந்தார். பிறகு அந்த இடத்து இயந்திர நிரலைப் பிரித்துப் படித்தார். கிடைத்தது 10 மெகாபைட் அளவுள்ள ஒரு ஜேசன் கோப்பு, அதில் சுமார் 63,000 பதிவுகள். பெயர்களைப் பார்த்தால், கேமுக்குள் நாம் வாங்கக்கூடிய பொருட்களின் பட்டியல். கடை விலைப்பட்டியலைப் படிக்கத்தான் இத்தனை நேரம்!

10 மெகாபைட்டைப் படிக்க நான்கு நிமிடமா? இதற்குப் பதில் 1970களில் இருக்கிறது. பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கியபோது, ஒரு சரத்தின் நீளத்தைத் தனியாக எழுதி வைப்பதில்லை, முடிவில் ஒரு பூஜ்யம் வைத்தால் போதும் என்ற வழக்கம் நிலைத்தது. நீளத்தை எழுத ஒதுக்கும் சிறிய இடமே சரத்தின் நீளத்துக்கு வரம்பு ஆகிவிடக் கூடாது என்பது ஒரு காரணம். நியாயமான முடிவுதான். ஆனால் நீளம் தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் பூஜ்யம் வரும்வரை நடந்தே போய்ப் பார்க்க வேண்டும். சி மொழியின் எஸ்ஸ்கான்எஃப் என்ற கருவி ஒரேயொரு எண்ணைப் படிக்கச் சொன்னாலும், பல நூலகங்களில் முதலில் மிச்சமிருக்கும் மொத்தச் சரத்தின் நீளத்தையும் எண்ணிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது. பதிவுக்கு ஒரு முறை என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும், சராசரியாக 5 மெகாபைட் நடை, 63,000 தடவை. 300 ஜிகாபைட்டுக்கு மேல் வருகிறது.

ஜோயல் ஸ்போல்ஸ்கி 2001இலேயே இந்த வகைப் பிழைக்கு ஒரு பழைய யூத நகைச்சுவையிலிருந்து பெயர் வைத்தார். ஷ்லெமீல் என்பவன் சாலை நடுவே கோடு போடும் வேலைக்குச் சேர்கிறான். முதல் நாள் நிறையப் போடுகிறான், இரண்டாம் நாள் பாதி, மூன்றாம் நாள் கொஞ்சூண்டு. ஏன்டா என்றால், பெயிண்ட் டப்பா தினமும் தூரமாகிக்கொண்டே போகிறதே என்கிறான்.

இரண்டாவது பிழை இன்னும் எளிமையானது. படித்த ஒவ்வொரு பொருளையும் சேர்ப்பதற்கு முன், 'இது ஏற்கெனவே இருக்கிறதா?' என்று பட்டியல் முழுவதையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது கேம். ஆயிரம் பொருள் என்றால் 5 லட்சம் ஒப்பீடு, கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். 63,000 என்றால் 198 கோடி. கோட் எழுதிப் பிழைக்கிற எங்களுக்கு இது அந்நியமில்லை. சின்னப் பட்டியலில் டெஸ்ட் பாஸ் ஆகும், டிக்கெட் மூடப்படும், பட்டியல் மட்டும் வருடா வருடம் வளரும். எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். அது இத்தனை வருடம் திருத்தப்படாமல் கிடந்ததைச் சொல்வேன். காசு கொட்டிக்கொண்டிருந்த ஒரு கேமில், காசு வாங்கும் கடையின் வாசலிலேயே கூட்டம் நின்றது.

டோஸ்ட் ஒரு சின்ன ஒட்டு எழுதினார். ஒருமுறை எண்ணிய நீளத்தை நினைவில் வைத்துக்கொள், அவ்வளவுதான். பொருட்கள் எல்லாம் வேறுவேறு என்பதால் இரண்டாவது சோதனையை மொத்தமாகத் தாண்டிப் போ. 6 நிமிடம் 1 நிமிடம் 50 விநாடி ஆனது.

ராக்ஸ்டார் நிறுவனம் அவர் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொண்டு, 2021 மார்ச் 16 அப்டேட்டில் திருத்தத்தைச் சேர்த்தது. வழக்கமாகப் பாதுகாப்புக் குறைகளைக் கண்டுபிடிப்பவர்களுக்குத் தரும் பரிசிலிருந்து, விதிவிலக்காக, அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது. டிரைவரையோ டிஸ்க்கையோ யாரும் தொடவில்லை. லோடிங் நேரம் பழைய கணினிகளிலும் குறைந்தது.