எண்ணே எழுத்தான கதை

பழைய பத்திரங்களில் தமிழ் எண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றுக்கு 'க', இரண்டுக்கு 'உ', ஏழுக்கு 'எ', எட்டுக்கு 'அ'. எழுத்தின் உருவத்திலேயே எண் நிற்கும். இதைத் தலைகீழாகக் கவிழ்த்த ஊர் ஒன்று கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே கடலுக்குள் இருக்கிறது. மாலத்தீவுக்காரர்கள் எண்களை எடுத்து எழுத்தாக்கிக்கொண்டார்கள். திவேஹி மொழியை இன்று எழுதும் அந்த எழுத்துக்குப் பெயர் தானா.

தானாவின் முதல் எழுத்து 'ஹா'. அது அரபி எண் ஒன்றேதான், சற்றே சாய்ந்து நிற்கிறது. இரண்டு 'ஷவியனி', மூன்று 'நூனு', இப்படியே போய் ஒன்பது 'வாவு'. நமக்கு 'க' ஒன்று என்றால் அவர்களுக்கு 'காஃபு' ஏழு. ஒன்பதோடு அரபி எண்கள் தீர்ந்துபோயின. அடுத்த ஒன்பது எழுத்துகளுக்கு உள்ளூரில் முன்பு புழங்கிய எண்களை எடுத்தார்கள். அதனால்தான் இதன் வரிசை 'அ, ஆ' என்றும் போவதில்லை, 'அலிஃப், பே' என்றும் போவதில்லை.

மொத்தம் 24 எழுத்துகளில் மிச்சமிருக்கும் ஆறும் பெரும்பாலும் இரவல் சொற்களுக்காகப் பின்னால் ஒட்டவைத்தவை. 'ப' ஒலிக்கான எழுத்தும் அந்தக் கடைசிக் கூட்டத்தில்தான் இருக்கிறது. திவேஹியின் பழைய 'ப்' எல்லாம் 'ஃப்' ஆகிவிட்டதே காரணம். சிங்களத்தில் குடிக்கிற தண்ணீரை மரியாதையாகப் 'பேன்' என்பார்கள்; மாலத்தீவில் அதுவே 'ஃபென்'. திவேஹிக்கு மிக நெருங்கிய உறவு சிங்களம்தான். இளந்தேங்காய் இரண்டிலும் 'குரும்பா'. நம்முடைய குரும்பை எங்கிருந்து எங்கே போனது என்று கேட்டால் மூன்று ஊர்க்காரர்களும் சண்டைக்கு வருவார்கள்.

முதலில் அவர்களிடம் வேறு எழுத்து இருந்தது. பழைய சிங்களத்துக்கும் கிரந்தத்துக்கும் உறவான அந்த எழுத்து நம்முடையதைப் போல இடமிருந்து வலமாக ஓடும். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதில் வெட்டிய செப்பேடுகள் இன்றும் இருக்கின்றன. 1879-இல் கப்பல் உடைந்து இந்தத் தீவுகளில் கரையேறிய இலங்கை அரசு அதிகாரி எச்.சி.பி. பெல், பின்னாளில் அவற்றைப் படித்து அந்த மூத்த வடிவத்துக்கு 'எவேலா அக்குரு', முன்னாளைய எழுத்து, என்று பெயர் வைத்தார்.

சிக்கலுக்கு 1153-இல் வித்து விழுந்தது. அந்த ஆண்டில் நாடு பௌத்தத்திலிருந்து இஸ்லாத்துக்கு மாறியது. ஆவணங்களுக்குள் அரபிப் பெயர்களும் தொடர்களும் நுழைந்தன. திவேஹி இடமிருந்து வர, அரபி வலமிருந்து வர, ஒரே சந்தில் இரண்டு மாட்டு வண்டிகள் எதிரெதிரே வந்து முட்டிக்கொண்ட கதையாயிற்று. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலமிருந்து இடமாக ஓடும் புதிய எழுத்து தலைகாட்டுகிறது. சொற்களுக்கு இடையே வெளி விடாமல் எழுதிய அந்தக் கரட்டு வடிவத்தைக் 'கபுளி தானா' என்கிறார்கள். தேங்காய் இளநீருக்கும் முற்றலுக்கும் நடுவே நிற்கும் பருவத்துக்கும் அங்கே கபுளி என்றே பெயர்.

திசைதான் பிரச்சினை என்றால் அரபி எழுத்தையே வாங்கியிருக்கலாமே! காயல்பட்டினத்தில் தமிழை அரபி எழுத்தில் எழுதினார்கள், அரபுத்தமிழ் என்று. மாலத்தீவில் ஏன் எண்ணைப் பிடித்தார்கள்? ஃபண்டிதா என்னும் மந்திரத் தகடுகளில் எழுத்துக்குப் பதில் எண்ணைப் பொறித்து மறைத்த பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது. குழம்பிய வரிசையும் அந்த இரகசிய வேலைக்குத் தோதானது.

உயிர்க்குறிகளை அரபியிலிருந்து எடுத்தார்கள். ஆனால் அரபியைப் போல விருப்பமிருந்தால் இடு என்று விடவில்லை. குறி இல்லாமல் எழுத்து நிற்கக்கூடாது. அவற்றின் பெயர்கள் குழந்தை விளையாட்டு மாதிரி: அபஃபிலி, ஆபாஃபிலி, இபிஃபிலி. விதிவிலக்கு 'நூனு' மட்டும். குறியில்லாமல் அது நின்றால், அடுத்த மெய்யோடு ஒட்டி மூக்கில் பாதியாக ஒலிக்கும். அந்த அரை மூக்கொலி சிங்களத்துக்கும் உரியது. உடுப்பு அரபியானாலும் வாய் பழைய வாய்தான்.

1976-இல் தானாவுக்கு ஒரு கண்டம் வந்தது. டெலக்ஸ் இயந்திரத்துக்கு ரோமன் எழுத்து மட்டுமே தெரியும் என்பதால் அதிபர் இப்ராஹிம் நசீரின் அரசு ரோமனைக் கொண்டுவந்தது. 1978-இல் அதிபரான மௌமூன் அப்துல் கயூம் தானாவைத் திரும்ப அழைத்தார். டெலக்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த நாளைய ரோமன் எழுத்துக்கூட்டல் முறை மட்டும் தீவுகளின் பெயர்ப்பலகைகளில் தங்கிவிட்டது. இந்தியாவுக்குள்ளும் தானா உண்டு. இலட்சத்தீவுகளின் மற்றத் தீவுகள் மலையாளம் பேச, தெற்கே மினிக்காய் மட்டும் திவேஹி பேசுகிறது. அங்கே அதற்குப் பெயர் மஹல்.

ஆங்கிலத்துக்கு 'அட்டோல்' என்ற சொல்லைக் கொடுத்ததே திவேஹிதான். அந்தப் பவளத்திட்டுகளுக்கு நிர்வாகப் பெயராக வடக்கிலிருந்து எழுத்துகளையே வரிசையாக வைத்திருக்கிறார்கள். வட முனையில் ஹா. தலைநகர் மாலேயைச் சூழ்ந்தது காஃபு. தென்கோடி அட்டு, 17-ஆவது எழுத்தான சீனு. அடுத்த எழுத்து டவியனிக்குத் தீவு கிடைக்கவில்லை. அதற்கப்புறம் தெற்கே கடல்தான்.