சோதனைக்குப் பின் என்ன? உளுந்தூர்பேட்டையை முன்வைத்துக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பு

ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), 30 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 9.8 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்துகொண்டவர்கள். அனைத்திந்திய அளவு 1.9. தமிழ்நாடு முந்தியிருப்பது உண்மைதான். ஆனால் ஆய்வின் கேள்வி சோதனையோடு நின்றுவிடுகிறது. ‘பாசிட்டிவ்’ என்று அறிந்தவர்கள் அடுத்து எங்கே போனார்கள் என்பதை அந்த விழுக்காடு சொல்லாது. நோயைத் தடுப்பது சோதனையன்று, அதைத் தொடரும் சிகிச்சை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்க்கிறார். வெண்திட்டு தெரிந்தால் விஐஏ பாசிட்டிவ். அது புற்றுநோய் என்ற தீர்ப்பல்ல. கால்போஸ்கோப்பியிலும் (கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை) தேவையானால் பயாப்சியிலும் (திசுச் சோதனை) உறுதிசெய்ய வேண்டிய ஐயம். இதை விளக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால், பயந்து போகாதவரும் உண்டு, வலியே இல்லையே என்று போகாதவரும் உண்டு.

கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்பேட்டைக்குப் பேருந்துக் குறை இல்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரிவதே இங்குதான். ஆனால் கால்போஸ்கோப்பிக்கு ஒரு நாள், பயாப்சி முடிவுக்கு ஒரு நாள், சிகிச்சைக்கு ஒரு நாள் என்றால் மூன்று நாள் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலி தனி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூர்க்காரருக்கு மலையிறங்குவதே ஒரு பாடு. இடையில் குடும்பம் வெளியூர் வேலைக்குக் கிளம்பிவிட்டால் தொடர்பு அறுந்துபோகும். 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இப்போது சொந்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தூரம் குறைந்தது; பயணங்களின் எண்ணிக்கை தானாகக் குறையாது.

அதைக் குறைக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000–03இல் 31,343 பெண்களுக்கு விஐஏ சோதனை நடந்தது. 3,088 பேருக்குப் பாசிட்டிவ். அவர்களில் 3,052 பேருக்குக் கால்போஸ்கோப்பி முடிந்தது. கிட்டத்தட்ட ஒருவரும் விடுபடவில்லை. காரணம் எளிது: பயிற்சி பெற்ற செவிலியர்களே ஊரில் அமைத்த கிளினிக்கில், அதே வருகையில் கால்போஸ்கோப்பியும் பயாப்சியும் செய்து, பொருத்தமானவர்களுக்குக் கிரையோ (உறைய வைக்கும்) சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவின்படி, அத்திட்டத்துக்குள் வந்த பெண்களிடையே இந்நோயால் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. அங்கும் கசிவு முற்றிலும் அடைபடவில்லை. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்ட 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 விழுக்காடு. நோய் கண்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை என்பது உலக சுகாதார நிறுவனம் 2030க்கு வைத்த இலக்கு.

உடனடிச் சிகிச்சை தேவையற்ற சிகிச்சையில் முடியும் என்ற மறுப்பு நியாயமானது. திண்டுக்கல்லில் பாசிட்டிவ் ஆனவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அத்தகைய மாற்றமே இல்லை. லேசான மாற்றங்கள் பெரும்பாலும் தாமே மறைவன. அதனால்தான் கால்போஸ்கோப்பியைத் தவிர்க்கச் சொல்லவில்லை, அதைப் பெண்ணிருக்கும் இடத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். எதிர்த்தட்டில் ஆக்லாந்து தேசிய மகளிர் மருத்துவமனையின் அனுபவம் இருக்கிறது. கடுமையான மாற்றத்துக்கு (சிஐஎன் 3) முறையான சிகிச்சை மறுக்கப்பட்ட பெண்களில் 31 விழுக்காட்டினருக்கு முப்பது ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்தது. சிகிச்சை பெற்றோரில் 0.7 விழுக்காடுதான். நியூசிலாந்தில் அதற்கு விசாரணைக் குழு அமைந்தது. தொடர்பறுந்து போகும் பெண்ணுக்கும் உடலளவில் நேர்வது அதுவே. ஆனால் மறுத்தவர் என்று சுட்ட ஆளில்லாததால் விசாரணையும் இல்லை.

ஆகவே உளுந்தூர்பேட்டை அரசு மருத்துவமனை போன்ற வட்ட அளவிலான இடங்களில் வாரத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, சோதனை முதல் சிகிச்சை வரை ஒரே நாளில் முடிக்கலாம். மலைக்குக் கையடக்கமான வெப்பச்சிகிச்சைக் கருவியோடு செவிலியர் குழு போகலாம். மாற்றம் கருப்பைவாயின் உட்குழாய்க்குள் நீண்டிருந்தாலோ, புற்றுநோய் என்றே ஐயம் எழுந்தாலோ மட்டும் மருத்துவக் கல்லூரி. பதிவேட்டிலும் ‘பரிந்துரைக்கப்பட்டார்’ என்று எழுதியதும் கணக்கை முடிக்கக் கூடாது. சிகிச்சை முடிந்த தேதிக்கு ஒரு கட்டம், பன்னிரண்டு மாதம் கழித்துச் செய்யும் மறுசோதனைக்கு இன்னொன்று. இரண்டும் நிரம்பும்வரை அந்தப் பெயர் கிராம சுகாதாரச் செவிலியரின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும்.