மலையகத் தோட்டங்களில் தாய்மைப் பாதுகாப்பு: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசு, போர், வாணிகம், சட்டம் ஆகியவற்றையே பெரிதும் நோக்குவர். பிரசவ அறையினுள் நிகழ்வது அவர்தம் கண்ணிற் படுவது அரிது. ஆயினும், ஒரு தாய் எந்நிலையிற் கருவுற்றாள், எத்தனை நாள் வரை உழைத்தாள், யார் துணையுடன் ஈன்றாள், ஈன்றபின் எத்தனை நாள் ஓய்ந்திருந்தாள் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை காண்பின், அச்சமுதாயத்தின் பொருளாதாரமும் அரசியலும் ஒருங்கே புலப்படும். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை இஃது ஐயத்துக்கு இடமின்றி உண்மையாகும். தாயையும் சேயையும் காக்கும் அறிவு உலகில் இல்லாதிருந்தமையால் நேர்ந்த இழப்பினும், இருந்த அறிவு லயத்து வாயிலை எட்டாதிருந்தமையால் நேர்ந்த இழப்பே அங்கு நெடுங்காலம் நீடித்தது. அவ்விடைவெளியின் வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

கொழும்பிலிருந்து பதுளை செல்லும் இருப்புப்பாதையில், தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்ன் நிலையத்துக்கும் இடையே அமைந்த சிற்றூர் வட்டகொடை. நானுஓயா வரையிலான இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டில் நிறைவெய்தியபோது இவ்வூரைச் சூழ்ந்த மலைச்சரிவுகள் பெருமாற்றத்தின் நடுவில் இருந்தன. 1869ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழித்துக்கொண்டு வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் வணிக நோக்குடன் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. இம்மாற்றம் பயிரின் மாற்றம் மாத்திரமன்று. கோப்பி ஒரு பருவத்திற் பழம் தருவது. அறுவடை முடிந்ததும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளப்பட வேண்டுவது. ஆதலின் நிலையாகக் குடியிருக்கும் குடும்பங்கள் வேண்டப்பட்டன. கொழுந்து கிள்ளும் பெண்களின் கைகள் எல்லாவற்றினும் மேலாக வேண்டப்பட்டன. இவ்வாறு, தோட்டத்தின் உற்பத்தியும் மக்கட் பேறும் ஒரே பெண்ணின் உடலின்மேற் சுமத்தப்பட்டன.

அவ்வுடலுக்கு விதிக்கப்பட்ட விலை யாது? இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச வேதனத்தை 1927ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் ஏற்படுத்தியது. அதன்படி 1929ஆம் ஆண்டு தொடக்கம் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. விடியலிற் பிரட்டுக்களம் சென்று, கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, செங்குத்தான சரிவில் மழையிலும் குளிரிலும் நின்று, மாலையிற் கொழுந்து நிறுத்து, பின்னர் நீர் சுமந்து அடுப்பு மூட்டுபவளுக்கே இக்குறைந்த கூலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமவேதனம் 1984ஆம் ஆண்டிலேயே தோட்டங்களிற் கிட்டியது. கருவுற்ற பெண்ணின் உணவு அவள் கூலியை ஒட்டியது; அவளுடைய இரத்தத்தின் செழுமை அவ்வுணவை ஒட்டியது.

இனி, அறிவின் நிலையை நோக்குவோம். அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தவர். மோன்செல் என்பாரின் நூலைத் தழுவி அவர் வெளியிட்ட “பிரசவ வைத்தியம்” 1857ஆம் ஆண்டில் அச்சேறியது. கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை 1879ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இணுவிலில் மகளிருக்கும் குழந்தைகளுக்குமான மக்லியொட் வைத்தியசாலை 1898ஆம் ஆண்டில் எழுந்தது. எனவே, மலைநாட்டிலே தேயிலை வேரூன்றுவதற்கு முன்னரே பிரசவ விஞ்ஞானம் தமிழ்மொழியில் நூல்வடிவு பெற்றிருந்தமை நோக்கற்பாலது. ஆயின் மானிப்பாய்க்கும் மலைநாட்டு லயத்துக்கும் இடையே பாதை இல்லை. பன்னிரண்டு அடி அளவான காம்பராவில், அனுபவம் மிக்க முதியவள் ஒருத்தியின் துணையுடனேயே தோட்டத்துப் பெண் ஈன்றாள். இயல்பான பேற்றிலே அம்மூதாட்டியின் கைத்திறன் போதியதாயிருந்தது. குருதிப் பெருக்கு, சன்னி, குறுக்கே கிடந்த பிள்ளை என்பன நேர்ந்தவிடத்து அவளால் இயன்றது ஒன்றுமில்லை. கம்பளியில் தூளி கட்டி நோயாளியைச் சுமந்து பெருவீதிக்குக் கொணர்வதற்குள் காலம் கடந்துவிடும்.

சட்டம் தாயை முற்றாக மறந்ததென்று கூறுதல் பொருந்தாது. 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம் தோட்டப் பகுதிகளுக்கு வைத்திய வசதி அளிக்க வழிகோலியது. 1912ஆம் ஆண்டின் சட்டமோ, தோட்டத்திற் குழந்தை ஈன்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறையுளும் அளித்தல் வேண்டும் என்றும், வைத்திய அதிகாரி தகுதிச் சான்று வழங்கினாலன்றி அம்மாதத்தில் அவளை வேலைக்கு அழைத்தலாகாது என்றும் துரைமார்மீது கடமை விதித்தது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் பிரசவகாலப் பணவுதவியை உரிமையாக்கியது. இவை நன்மை பயந்தன. தோட்டங்களிற் பிரசவ விடுதிகளும் பிள்ளைக் காம்பராக்களும் பெருகின. எனினும் இவற்றின் அமைப்பில் ஒரு குறை உண்டு. தாயைக் காக்கும் பொறுப்பு அவளிடம் வேலை வாங்குபவரிடமே ஒப்படைக்கப்பட்டது. வேலை நாள் குறைவதால் நட்டமடைபவரே ஓய்வு நாளுக்குக் காவலராகவும் நியமிக்கப்பட்டார்.

ஆராய்ச்சித் துறையில் இரு நிகழ்ச்சிகள் இங்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன. முதலாவது, கொக்கிப்புழு ஒழிப்பு முயற்சி. அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டங்களில் இப்பணியைத் தொடங்கினர். மலங்கழிக்கத் தக்க இடமின்மையால் ஈரமண்ணிற் பரவும் இப்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலிற் பற்றி நாள்தோறும் சிறிது சிறிதாகக் குருதியை உறிஞ்சுவது. ஆடவன் இதனாற் சோர்வடைவான். கருவுற்ற பெண்ணோ, பேற்றின்போது நேரும் சாதாரணக் குருதியிழப்பையுந் தாங்காது இறத்தல் கூடும். மருந்து கொடுத்தாற் புழு நீங்கும்; மலகூடம் இல்லையேல் மீளவும் புகும். ஆகவே பிரசவ மரணத்தைத் தடுக்கும் முயற்சி மலகூடத்திலிருந்தே தொடங்கவேண்டும் என்னும் உண்மை அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. லயங்களில் மலகூடம் அமைத்தற்கு ஆகுஞ் செலவே அவ்வறிவுக்குத் தடையாய் நின்றது.

இரண்டாவது, லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்திய அறிஞரின் ஆய்வு. அவர் 1928ஆம் ஆண்டிற் பம்பாய் சென்று, கருவுற்ற ஏழைப் பெண்களைப் பீடித்த ஒருவகை இரத்தசோகையை ஆராய்ந்தார். சென்னையிலும், தேயிலைமலைகள் சூழ்ந்த நீலகிரிக் குன்னூரிலும் அவ்வாராய்ச்சி தொடர்ந்தது. நோய்க்கிருமி யாதும் காரணமன்று, உணவிலுள்ள ஏதோ ஒரு பொருளின் குறையே காரணம் எனக் கண்டு, மதுவத்தின் சாறாகிய மார்மைட்டைக் கொடுத்து நோயை மாற்றி, 1931ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். அக்குறைப்பொருள் 1941ஆம் ஆண்டிற் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலையென்று பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. நாள் முழுவதும் இலை கிள்ளும் பெண்ணின் உணவில் இவ்விலைச்சத்து அருகியிருந்தது என்பது எண்ணத்தக்கது. அன்றியும், உணவுடன் பருகும் தேநீர் அவ்வுணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும் என்பதும் பின்னர் அறியப்பட்டது. ரொட்டியும் வெறுந்தேநீருமாகக் கழியும் பகலுணவு இரத்தசோகைக்கு இரட்டை வாயில் திறந்தது.

இலங்கை முழுவதையும் நோக்கின், 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் தாய்மாரை மிகுதியும் வதைத்தது. உயிருடன் பிறந்த ஒவ்வோராயிரம் குழந்தைகளுக்கும் 26 தாய்மாருக்கு மேல் 1935ஆம் ஆண்டில் இறந்தனர். அந்நாளில் நிவாரணப் பணியில் ஈடுபட்ட சூரியமல் இயக்கத்தினர் மார்மைட்டை உருண்டைகளாக்கி நோயுற்ற கிராம மக்களுக்கு வழங்கினர். பம்பாயில் முடிவு வெளியான சில ஆண்டுகளுள் அதே மதுவச்சாறு இலங்கைக் குடிசைகளை அடைந்ததெனின், விருப்பமும் மனிதரும் உள்ளவிடத்து அறிவு விரைந்து நடக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அவ்வறிவை நாள்தோறும் சுமந்து செல்லும் மனிதரை அரசு வேறொரு வழியில் உருவாக்கியது. 1926ஆம் ஆண்டிற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. பயிற்சி பெற்ற மருத்துவமாது ஒருத்தி குறித்த எல்லைக்குள் வீடுவீடாகச் சென்று, கருவுற்றோரைப் பதிந்து, பேற்றுக்கு உதவி, ஆபத்தின் அறிகுறி கண்டவிடத்து வைத்தியசாலைக்கு அனுப்புதல் இம்முறையின் உயிர்நாடி. இம்முறை நாடெங்கும் பரவியது, மலேரியா அடக்கப்பட்டது, கிருமிகொல்லி மருந்துகள் வந்தன. இவற்றால், 1930ஆம் ஆண்டுகளில் இலட்சம் பேறுகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டிருந்த தாய் மரணம், 1950ஆம் ஆண்டளவில் ஆறு நூற்றுக்குங் கீழாக இறங்கியது. செல்வம் குறைந்த நாடொன்று இதனைச் சாதித்தமையை உலக அறிஞர் இன்றும் எடுத்துக்காட்டாகக் கொள்வர்.

ஆனால் அரசின் மருத்துவமாது நெடுங்காலம் தோட்ட எல்லையிலேயே நின்றுவிட்டாள். தோட்டம் தனியார் நிலம். அங்குள்ளோரின் சுகாதாரம் நிர்வாகத்தின் பொறுப்பு என்பதே கொள்கை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவ்வெல்லையை மேலும் உயர்த்தியது. அச்சட்டம் பிறந்த மண்ணைப் பொருட்படுத்தாது, தந்தைவழியையே குடியுரிமைக்கு அடிப்படையாக்கியது. வட்டகொடை லயத்தில் ஒரு தாய் உயிரைப் பணயம் வைத்து ஈன்ற குழந்தை, அவள் ஈன்றமையால் இந்நாட்டுக்கு உரியதாகவில்லை. வாக்கற்றவரின் பிரசவத்துக்காகச் சட்டசபையிற் பேசுவோர் அருகினர். தாய்வழியையும் குடியுரிமைக்கு ஏற்ற திருத்தம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது. எஞ்சியிருந்த இந்திய வம்சாவளி நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டமும் அவ்வாண்டினதே.

1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தின் பின் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இக்காலத்திலேயே தோட்ட வைத்தியசாலைகள் படிப்படியாக அரசின்கீழ் வரத் தொடங்கின. தாய்சேய் நிலையங்களும் இரும்புச்சத்து மாத்திரைகளும் திரிபோஷ மாவும் லயங்களை எட்டின. இதனுடன் வேறொன்றும் வந்தது. நிரந்தரக் கருத்தடை, பணவூக்குவிப்புடன், நாட்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் தோட்டங்களில் மிகுதியாக நடைபெற்றது. வறுமையின் நடுவே பணம் காட்டிப் பெறும் சம்மதம் முழுச் சம்மதமாகுமா என்னும் வினா இன்றும் விடை வேண்டி நிற்கின்றது. மூன்றாம் பிள்ளை முதலாகக் குறைக்கப்பட்டிருந்த மகப்பேற்று விடுமுறை, 2018ஆம் ஆண்டின் திருத்தத்தால் எல்லாப் பேறுகளுக்கும் 84 நாளென ஒருப்படுத்தப்பட்டது.

இன்று தோட்டப் பெண்கள் ஏறத்தாழ அனைவரும் வைத்தியசாலையிலேயே ஈனுகின்றனர். தாயைப் பேற்றிலே காத்தல் பெரிதும் கைகூடியது. பேற்றுக்கு முன் அவளை ஊட்டுதல் கைகூடவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய நிலையில் நூற்றுக்கு 17 பேர். தோட்டத்துறையிலோ ஏறத்தாழ 32 பேர். பிள்ளையின் குறுகிய உருவத்திலே தாயின் பசி எழுதப்பட்டுள்ளது.

1857ஆம் ஆண்டின் நூலும், 1916ஆம் ஆண்டின் புழு ஆய்வும், 1931ஆம் ஆண்டின் இரத்தசோகை ஆய்வும் ஒருங்கே உணர்த்துவது யாதெனின், அறிவு தானே நடப்பதில்லை. அதனைச் சுமந்து செல்ல ஆள் வேண்டும் என்பதே. தோட்டப்புறங்களில் தமிழ் பேசும் மருத்துவமாதர் இன்றும் போதியராக இல்லை. அப்பணிக்குரியோர் வானத்திலிருந்து வருவதில்லை; தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்ற மாணவியரிலிருந்தே வரவேண்டும். விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாத பாடசாலை ஒவ்வொன்றும் மருத்துவமாது இல்லாத ஒரு பிரசவத்துக்குத் தொடக்கமாகும். ஆகவே இவ்விடைவெளியை நிரப்பும் கடன் வைத்தியருக்கும் அரசுக்கும் மட்டுமன்றி, கற்பிப்போருக்கும் கற்றோருக்கும் உரியது. கொழுந்து கிள்ளியவளின் மகள் மருத்துவமாதாகத் தன் லயத்துக்கே மீளும் நாளில், இவ்வரலாற்றின் நெடும்பாதை தன் கடைசிக் கல்லைக் கடக்கும்.