பள்ளி விளையாட்டும் பதின்பருவப் போதையும் (வட்டவடை)

வட்டவடை, இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில் தமிழ் பேசும் காய்கறி விவசாயிகளின் மலையூர். பக்கத்துக் கம்பக்கல், கடவரி மலைகள் ஒருகாலத்தில் கஞ்சா விளைச்சலுக்குப் பெயர்போனவை. ஆகவே பள்ளி விளையாட்டு பதின்பருவப் போதையைத் தடுக்குமா என்ற கேள்வி இங்கு வெறும் ஏட்டுச் சங்கதியன்று. 2016இல் தொடங்கிய கேரள அரசின் ‘விமுக்தி’ போதை ஒழிப்பு இயக்கம் விளையாட்டையும் துணைக்கழைக்கிறது. பள்ளியோடு பிணைப்புள்ள பிள்ளைகள் குற்றத்தில் இறங்குவது குறைவு என்று அமெரிக்கச் சமூகவியலாளர் டிராவிஸ் ஹிர்ஷி 1969இல் வாதிட்டார். பள்ளி விளையாட்டும் அத்தகைய பிணைப்பே; ஆனால் அதுபற்றிய பிந்தைய ஆய்வுகளின் முடிவுகள் அவ்வளவு நேராக இல்லை: விளையாடுவோரிடம் புகைப்பழக்கம் பெரும்பாலும் குறைவு, மதுவோ, குறிப்பாக மேலைநாட்டு அணிகளில், பலவேளை கூடுதல். விளையாட்டை ஊக்குவித்த ஐஸ்லாந்தில் முந்தைய மாதத்தில் குடித்து வெறித்த 15, 16 வயதினர் 1998இல் 42 விழுக்காடு, 2016இல் 5. அங்கே விளையாட்டுடன் பெற்றோர் கண்காணிப்பும் சிறாருக்கான இரவுநேர நடமாட்டக் கட்டுப்பாடும் சேர்ந்தே நடந்தன.