பழங்கார்களில் மின்விசை ஸ்டீயரிங் பொருத்துதல்

பழங்கார்களில் மின்விசை ஸ்டீயரிங் பொருத்துதல் என்பது, ஓட்டுபவரின் புஜபலத்தை மட்டுமே நம்பி அமைக்கப்பெற்ற பழைய மோட்டார் காரின் ஸ்டீயரிங் தண்டிடையே, மின்மோட்டாரும் உணர்கருவியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அடங்கிய ஒரு சாதனத்தைச் சேர்த்து, முன்சக்கரங்களைத் திருப்பும் பிரயாசையில் ஒரு பங்கை அச்சாதனமே ஏற்கும்படி செய்யும் வேலையாகும். எண்ணெயழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டீயரிங்குக்கு வேண்டிய பம்பு, பெல்ட், குழாய்கள் முதலியன இதற்குத் தேவையில்லை. சாதனம் முழுவதும் டாஷ்போர்டின் அடியில் மறைந்துவிடும். டைனமோவை மாற்ற நேர்வதன்றி, எஞ்சினில் கைவைக்க வேண்டியதுமில்லை. இக்காரணங்களால் பழங்கார்களைப் பேணுவோர் பலநாடுகளில் இம்முறையை விரும்புகின்றனர்.

எண்ணூர்த் தொடர்பு

தமிழ்நாட்டில் இப்பொருளைப் பற்றிப் பேசுவோர் கத்திவாக்கம், எண்ணூர்ப் பகுதியிலிருந்து தொடங்குவதே முறை. சுதந்திரப் போராட்ட வீரரும் தொழிலதிபருமான ரகுநந்தன் சரண் 1948ஆம் ஆண்டு செப்டம்பரில் தம் புதல்வரின் பெயரால் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ஆஸ்டின் நிறுவனத்துடன் கூட்டுறவு கொண்டு, 1949இல் ஆஸ்டின் ஏ-40 கார்களை எண்ணூரில் பூட்டி இணைத்து வெளியிடத் தொடங்கிற்று. பின்னர் லேலண்டு நிறுவனத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டால் அத்தொழிற்சாலையின் கவனம் லாரி, பஸ் சட்டகங்களின்பால் திரும்பியது. 1955இல் நிறுவனத்தின் பெயரும் அசோக் லேலண்டு என மாறிற்று. கார்த் தொழிலில் எண்ணூர் ஈடுபட்டிருந்த காலம் சில ஆண்டுகளே எனினும், சுதந்திர இந்தியாவின் மோட்டார் தொழில் வரலாற்றில் அதற்கு அழியாத ஓர் இடமுண்டு.

அதே தொழிற்சாலை 1960களின் இறுதியில் பவர் ஸ்டீயரிங் பொருத்திய கனரக வாகனங்களையும் அளிக்கலாயிற்று. நிறைந்த பாரத்தோடு துறைமுகத்துக்கும் மணலிக்கும் இடையே ஊர்ந்து செல்லும் லாரியின் ஓட்டுநருக்கு அவ்வுதவி சுகபோகமன்று, உடலைக் காக்கும் அவசியம். ஆனால் அங்கே முன்பு பிறந்த சிறு கார்களுக்கு அத்தகைய உதவி ஒருபோதும் வாய்த்ததில்லை.

வரலாறு

அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920களின் நடுவில் பியர்ஸ்-ஆரோ கார் ஒன்றில் எண்ணெயழுத்த ஸ்டீயரிங்கைப் பொருத்திக் காட்டினார். எனினும் 1951இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் காரில் அதனை அளித்த பின்னரே அது பொதுமக்களை எட்டியது. மின்விசையால் இயங்கும் முறை 1988இல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்னும் சிறு காரில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. எஞ்சின் சதா பம்பைச் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டிய பழைய முறையைப் போலன்றி, திருப்பும் கணத்தில் மட்டுமே சக்தியைச் செலவிடுவதால், சிறு கார்களுக்கு இது மிகவும் ஏற்றதாயிற்று. இந்தியாவில் மாருதியின் சிறு கார்கள் இதனைப் பரவச் செய்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரானே குழுமம் 2024 வரை ஜப்பானின் என்.எஸ்.கே. நிறுவனத்துடன் கூட்டாக இத்தகைய சாதனங்களை உற்பத்தி செய்துவந்தது.

இயங்கும் விதம்

ஸ்டீயரிங் தண்டின் நடுவே, முறுக்கத்துக்குச் சிறிதே நெகிழ்ந்து கொடுக்கும் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று அமைந்திருக்கும். ஓட்டுபவர் வளையத்தைத் திருப்புகையில், சாலையில் பதிந்து நிற்கும் சக்கரம் எதிர்ப்புக் காட்டுவதால் அக்கம்பி முறுகுகிறது. அம்முறுக்கின் அளவையும் திசையையும் உணர்கருவி அறிந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்க, அப்பெட்டி அதற்கேற்ற மின்னோட்டத்தை மோட்டாருக்கு அனுப்ப, மோட்டாரின் சுழற்சி திருகுப்பல் சக்கரத்தால் வேகம் குறைந்து விசை மிகுந்து தண்டின் கீழ்ப்பகுதியைத் திருப்புகிறது. மோட்டார் நின்றுபோனாலும் தண்டின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் இரும்பால் இணைந்தே இருப்பதால், வண்டி பழையபடி கைவலிமையால் திரும்பும். இது இம்முறையின் தலையாய பாதுகாப்பு.

புதிய கார்களில் வேகம் மிகமிக உதவி குறையும்படி கட்டுப்பாட்டுப் பெட்டி அமைந்துள்ளது. பழங்காரில் வேகத்தைத் தெரிவிக்கும் மின்குறி இராது. ஆதலின் வேகக்குறியை உண்டாக்கும் உணர்கருவி ஒன்றைத் தனியே சேர்ப்பார்கள். அல்லது உதவியின் அளவை ஓட்டுபவரே கூட்டிக் குறைக்கத் திருகு ஒன்றை வைப்பார்கள். சில ஐரோப்பியக் கார்களின் சாதனங்கள், வேகக்குறி கிட்டாதபோது நிலையான ஒரு மத்திம உதவியை அளிக்கும் இயல்புடையன என்பதால், மேனாடுகளில் அவை பழைய உதிரிபாகக் கடைகளில் விரும்பி வாங்கப்படுகின்றன. உதவி அளவுக்கு மிஞ்சினால் வேகமாகச் செல்லும்போது சாலையின் உணர்வு கைக்கு எட்டாமல் போய், சிறு அசைவுக்கும் வண்டி விலகும். இது சுகக்குறைவு மட்டுமன்று, அபாயமுமாகும்.

பூர்வாங்கப் பரிசோதனை

கனத்துப்போன ஸ்டீயரிங்குக்கு மின்மோட்டாரே மருந்தென எண்ணுவது தவறு. கிங் பின்களில் கிரீஸ் வறண்டிருத்தல், ஸ்டீயரிங் பாக்ஸில் எண்ணெய் குன்றியிருத்தல், டயரில் காற்றுக் குறைவு, பழைய குறுகிய டயர்களுக்குப் பதிலாக அகன்ற ரேடியல் டயர்களை மாட்டியிருத்தல், அலைன்மெண்ட் பிசகியிருத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். உப்புக்காற்று ஓயாது வீசும் கத்திவாக்கம், திருவொற்றியூர்க் கரையோரத்தில் நிற்கும் வண்டிகளில் துருவும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். இக்குறைகளைத் தீர்க்காமல் மோட்டாரைப் பொருத்துவோர், தேய்ந்த டை ராடு முனைகளின்மீதும் பாக்ஸின் பற்களின்மீதும் முன்னிலும் அதிகமான விசையை ஏற்றுகின்றனர். மோட்டார் தரும் உதவி முழுவதும் அவற்றின் வழியாகவே சக்கரத்தை அடைகிறது. மோட்டாரால் கை அனுபவிக்கும் இலேசு, பாக்ஸுக்கு வாய்ப்பதில்லை.

பொருத்தும் முறை

ஏ-40 முதலான அக்காலக் கார்களில் ஸ்டீயரிங் தண்டு வளையத்திலிருந்து பாக்ஸ் வரை நீண்ட ஒரே உறுப்பாக அமைந்திருக்கும். அதனை அறுத்து இடையில் சாதனத்தை வைப்பது எளிய வழி. ஆனால் அறிந்தோர், உபரியாக ஒரு தண்டைத் தேடிப் பிடித்து அதனையே வேலைக்கு எடுத்துக்கொண்டு, வண்டியின் மூலத்தண்டைச் சிதையாமல் வைத்திருப்பர். இணைப்புகளை லேத்தில் பல்வெட்டி, யுனிவர்சல் ஜாயிண்ட்டுகளால் பூட்டுவதே சிறந்தது. வெல்டிங் தவிர்க்கமுடியாத இடத்தில், உள்ளே உறை ஒன்றைச் செருகிப் பற்றவைத்து, விரிசல் உண்டா என்பதை முறைப்படி சோதித்தறிதல் வேண்டும். ஸ்டீயரிங் தண்டில் நேரும் முறிவு உயிரையே பறிக்கவல்லது. மோட்டார் தண்டைத் திருப்பும்போது தன் உடலையும் எதிர்த்திசையில் திருப்ப முயலுமாதலால், அதனைத் தாங்கும் இரும்புப் பிடி டாஷ்போர்டின் தகட்டில் மட்டுமன்றி, வண்டியின் உறுதியான உறுப்புகளோடு பிணைக்கப்பட வேண்டும்.

இரு சங்கடங்கள் பழைய வண்டிகளுக்கே உரியன. ஹாரன் கம்பியும் திசைகாட்டிக் கம்பியும் ஸ்டீயரிங் தண்டின் துளைவழியே செல்லும்படி அக்கால ஆங்கிலக் கார்கள் பல அமைந்திருந்தன. முறுக்குக்கம்பி கொண்ட புதுச் சாதனத்தில் அத்துளைக்கு இடமில்லையாகையால், அக்கம்பிகளுக்கு வேறு வழி காண வேண்டும். பிரீமியர் பத்மினியிலும் பழைய அம்பாசடரிலும் கியர் மாற்றும் கோல் ஸ்டீயரிங் தண்டை ஒட்டியே ஓடுவதால், மோட்டாருக்கு இடம் ஒதுக்குவது பெரும் நுணுக்கத்தை வேண்டுகிறது.

மின்வசதி

வேலையின் கடினமான பகுதி உண்மையில் இதுவே. நின்ற நிலையில் சக்கரத்தைத் திருப்பும்போது சாதனம் கணநேரத்துக்கு 30 முதல் 60 ஆம்பியர் வரை மின்னோட்டத்தை வேண்டக்கூடும். பழைய டைனமோவோ ஏறத்தாழ 20 ஆம்பியரே தரவல்லது. அதுவும் எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அநேகமாக ஒன்றும் தராது. வண்டியை நிறுத்துமிடத்தில் திருப்புகையில்தான் எஞ்சின் மெதுவாக ஓடுகிறது என்பதை நினைத்தால் இதன் விபரீதம் விளங்கும். ஆகவே ஆல்டர்னேட்டர் பொருத்துவது பெரும்பாலும் இன்றியமையாதது. மேலும், ஏ-40 போன்ற ஆங்கிலக் கார்களில் பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு எர்த் செய்யப்பட்டிருக்கும். புதுச் சாதனங்களோ எதிர்முனை எர்த்துக்கு அமைந்தவை. முழு மின்னமைப்பையும் மாற்றி, இக்னிஷன் காயில், அம்மீட்டர் இவற்றின் இணைப்புகளைத் திருப்பி வைத்த பின்னரே சாதனத்துக்கு மின்சாரம் தரலாம். மறந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி கணத்தில் எரிந்துபோகும். பாட்டரியிலிருந்து தடித்த கம்பி தனியே இழுத்து, தக்க ஃபியூஸும் ரிலேயும் இட்டு, எஞ்சின் ஓடும்போது மட்டுமே சாதனம் இயங்கும்படி அமைப்பது முறை.

சட்ட நிலை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2021இல் திருத்தப்பெற்ற மத்திய விதிகளின்படி, முதற்பதிவு செய்து 50 ஆண்டு கடந்து, மூலவடிவம் பேணப்பட்டு, சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் காணாத சொந்த உபயோக வண்டிகளுக்குத் தனிப் பதிவு எண் வழங்கப்படுகிறது. ஆகவே வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிப்பதும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவிப்பதும் உடைமையாளரின் கடமைகள்.

மதிப்பீடு

மூலவடிவத்தில் அணுவளவும் மாறக்கூடாதென்பார் ஒரு சாரார். ஓடாத வண்டி வெறும் இரும்பென்பார் மற்றொரு சாரார். கோயம்புத்தூர் ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் காட்சிக்கு நிற்கும் வண்டிகளுக்கு முதற்கொள்கையே பொருந்தும். அவற்றின் பயன் அவை சொல்லும் சான்றில் உள்ளது. ஆனால் தோள்வலிமை குன்றிய முதியவர் ஒருவர், தம் குடும்பத்தோடு அரைநூற்றாண்டு உறவாடிய காரை விற்றுவிடாமல் தாமே ஓட்டிச்செல்வதற்கு இச்சாதனம் துணைபுரியுமாயின், அதுவும் பேணுதலின் ஒரு வகையே. இரண்டுக்கும் இடையே நியாயமான எல்லை ஒன்றுண்டு: செய்த மாற்றத்தை எவ்விதச் சேதமுமின்றி மீட்கமுடிய வேண்டும். மூலத்தண்டும் டைனமோவும் பத்திரப்படுத்தப்பட்டு, புதிதாக ஒரு துளையேனும் சட்டகத்தில் இடப்படாமல், மாற்றிய கம்பியிணைப்புகள் வரைபடமாக எழுதப்பட்டிருந்தால், பின்வரும் உடைமையாளர் ஆஸ்டினை எண்ணூரில் அது வெளிவந்த நிலைக்கே திருப்பிவிடலாம். அந்த உரிமையை அவருக்கு விட்டுவைக்காத வேலை, எத்தனை நேர்த்தியாக அமைந்திருந்தாலும், நல்ல வேலையாகாது.