பாலிபேக் பாதுகாப்பு

ஏற்றுமதியாகும் கைப்பை, பெல்ட், ஸ்கார்ஃப் போன்ற அணிபொருள்களின் பாலித்தீன் உறை (பாலிபேக்) குழந்தைகளுக்குத் தீங்கிழைக்காதவாறு அமைக்கும் முறை. முதன்மை ஆபத்து மூச்சுத்திணறல்: மெல்லிய பாலித்தீன் மூக்கிலும் வாயிலும் ஒட்டிக்கொண்டால் கைக்குழந்தையால் அதை விலக்க இயலாது. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் சலவைக்கடை உறைகளால் நேர்ந்த குழந்தை இறப்புகளை அடுத்தே எச்சரிக்கை வாசகச் சட்டங்கள் பிறந்தன. எச்சரிக்கை அச்சிடுவது எளிது. உறையைத் தடிமனாக்குவதும் துளையிடுவதுமே உண்மையான காப்பு. ஐரோப்பியப் பொம்மைத் தரமான ஈஎன் 71, பெரிய உறைத்தாளுக்குச் சராசரி 0.038 மி.மீ. தடிமனோ துளைகளோ கோருகிறது. மூச்சுத்திணறல் தவிர்ந்த பிற ஆபத்துகளுக்காக, பாலிபேக்கில் ஸ்டேப்ளர் ஊசி தவிர்க்கப்படும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் எளிதில் கிழியாததாக இருக்க வேண்டும். பூஞ்சைத் தடுப்பாகப் பொட்டலங்களில் இடப்பட்ட டைமெத்தில் ஃபியூமரேட், சருமப் புண் உண்டாக்கியதால் 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடைசெய்யப்பட்டது.